பன்னிரண்டரைப் பவுண் செவ்வாய்கள்

ஜனவரி 7, செவ்வாய்

நாங்கள் இருக்கும் ஸ்லவ்விலிருந்து பாத் வீதியால் கிழக்கே போனால், விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் அந்தப் பச்சைப் பலகை நிற்கிறது. அதைத் தாண்டினால் லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு வலயம். பழைய டீசல் வண்டிகள் அதற்குள் சக்கரம் வைத்தால் அன்றைய நாளுக்குப் பன்னிரண்டரைப் பவுண். ஐந்து நிமிடம் நின்றாலும் அதுதான், நாள் முழுக்க நின்றாலும் அதுதான். காசு வாங்க அங்கே ஒருவரும் நிற்பதில்லை. கம்பத்தில் கமரா மட்டும் இருக்கிறது. அடுத்த மூன்று நாளைக்குள் நாமாக இணையத்தில் போய்க் கட்டவேண்டும். கட்டாவிட்டால், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் வரும்.

வண்டி அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதனால் இன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்குவதற்கு முன்னரே கட்டிவிட்டேன்.

கஜீபனைப் பிடித்து இன்றோடு ஐந்து நாள். நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில்தான் அவனுக்கு வேலை. பெட்டி இறக்கிக்கொண்டு நின்றபோது குடிவரவு அதிகாரிகள் வந்து கேட்டிருக்கிறார்கள். அவனிடம் காட்ட எந்தக் கடதாசியும் இல்லை. அகதி விண்ணப்பம் இரண்டு முறை மறுக்கப்பட்டவன். விமான ஓடுபாதைக்கு எதிரே, ஹோட்டல்களுக்கு நடுவில் தடுப்பு நிலையம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு மலிவான ஹோட்டல் போலத்தான். இன்று அவனைப் பார்க்கப் போனபோது என் விரல் அடையாளம் எடுத்தார்கள். பதிவுத் தாளில் உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதினேன்.

பேருந்தில் போயிருக்கலாம், வாசலிலேயே இறக்கிவிடும். ஆனால் ஸ்லவ்வில் இருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் விமான நிலையத்தில் சாப்பாடு கட்டுகிறார்கள், பெட்டி ஏற்றுகிறார்கள், நிலம் துடைக்கிறார்கள். பகல் பேருந்தில் குறைந்தது மூன்று அன்ரிமாராவது இருப்பார்கள். "எங்கை பிள்ளை இந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பல் மருத்துவமனையில் எனக்கு வேலை இல்லை. வீட்டில் அது யாருக்கும் தெரியாது. ஒரு வருடமாக அந்த நாளை நூலகத்தில் இருந்து வாசிப்பதற்கென்று ஒளித்து வைத்திருந்தேன். இனி வேறொன்றுக்கு.

ஜனவரி 8, புதன்

அம்மாவுக்குக் கண் பரிசோதனை. மரக்கறியை வேறு கடையில் வாங்கினேன். மாலையில் மாடியிலிருக்கும் சின்ன அறையை ஒதுக்கினேன். அரிசி மூட்டை இரண்டு, தங்கை பல்கலைக்கழகம் போகும்போது விட்டுப்போன புத்தகங்கள், அப்பாவின் பயணப் பெட்டிகள். பெட்டிகள் ஒவ்வொன்றிலும் அப்பா வெள்ளைப் பெயின்றால் தன் பெயரையும் முழு விலாசத்தையும் எழுதியிருக்கிறார். லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் பெட்டி தொலைந்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. இதுவரை ஒன்றும் தொலையவில்லை.

அறையில் பல்பு எரியவில்லை. எனக்கு எட்டாது. அப்பாவைத்தான் கேட்கவேண்டும்.

ஜனவரி 11, சனி

தங்கை வந்து போனாள். என் அலுமாரியைக் கிண்டி ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இந்தக் கொப்பியும் அங்கேதான் இருந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் வாசிப்பார்கள், ஆனால் அலுமாரியைத் திறக்கமாட்டார்கள். திறக்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவர்கள் திறப்பதில்லை. இந்த வீட்டில் இதுதான் என்னுடைய பூட்டு.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். அப்பா வேலைக்குப் போகுமுன் பின்வளவில் பொங்கினோம். மழைத் தூறலில் அம்மா குடை பிடிக்க, அப்பா அடுப்பை ஊதினார். பத்தரை மணிக்கு ஒரு டப்பாவில் பொங்கலைப் போட்டுக்கொண்டு 'வேலைக்கு'ப் புறப்பட்டேன்.

உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடவில்லை. டப்பாவைத் திரும்ப வண்டியில் வைத்துவிட்டுப் போனேன்.

"பொங்கினீங்களோ?" என்று கேட்டான்.

"ஓம். கொண்டுவந்தனான். விடேல்லை. காருக்கை கிடக்கு."

"மணக்குது உங்கடை கையிலை. பால் எந்தப் பக்கம் சரிஞ்சது?"

"கிழக்காலை. அப்பா சட்டியைக் கொஞ்சம் சாய்ச்சு வைச்சவர்."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். "அப்ப வருசம் முழுக்க நல்லதுதான். கெட்டிக்காரர் உங்கடை அப்பா." யாரோ கொடுத்த சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை போட்டிருந்தான். கை நீளம் காணாது. அதன் விளிம்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லோயர் ஃபரீதா கதைச்சவா. பெயிலுக்குப் போடலாமாம். ஆனா ஒரு விலாசம் வேணுமாம். வெளியிலை விட்டா நான் எங்கை இருப்பன் எண்டு நீதவானுக்குக் காட்டோணும்."

"கடை முதலாளி?"

"என்னை ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லிப்போட்டார். பாவம், அவருக்கும் வழக்கு வரும்."

அவன் என்னைக் கேட்கவில்லை. நான்தான் "பாக்கிறன்" என்றேன்.

கட்டிவிட்டேன். பொங்கலை வண்டியிலேயே இருந்து சாப்பிட்டேன். குளிர்ந்து இறுகிப் போயிருந்தது.

ஜனவரி 16, வியாழன்

கனடாவிலிருந்து பெரியப்பா வருகிறாராம். அப்பா தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"எயார்போட்டுக்கோ? அண்ணை, நான் எயார்போட்டைக் கண்டு ஒண்டரை வருசம். உவங்கள் கமரா பூட்டிப்போட்டாங்கள். நீங்கள் றெயினைப் பிடிச்சு ஸ்லவ்வுக்கு வாங்கோ, ஸ்ரேசன் வாசலிலை ஏழு சீற்றோடை நிப்பன்... கஞ்சத்தனமோ? சரி, கஞ்சன்தான். கஞ்சன்ரை காரிலைதானே இருபது வருசமா எல்லாரும் வந்து இறங்கினனீங்கள்!"

ஏழு இருக்கை வண்டியை அப்பா விமான நிலையத்துக்காகவே வாங்கினார். ஒருவரை வழியனுப்ப ஐந்து பேர் போகிற சனம் நாங்கள். பெட்டிகளை ஏற்றி, முழங்காலில் ஒரு பிள்ளையை இருத்தி, வாசலில் தேங்காய் உடைத்துப் புறப்படுவோம். வலயம் விமான நிலையம் வரை வந்த அன்று, இனி அந்தப் பலகையைத் தாண்டுவதில்லை என்று அப்பா சபதம் எடுத்தார். ஒரு நாளும் தாண்டவில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பினார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"அப்பா, மேலை அந்தச் சின்ன அறை..."

"என்ன?"

"பல்பு எரியேல்லை."

"சனிக்கிழமை பாப்பம்."

ஜனவரி 21, செவ்வாய்

அப்பாவைக் கேட்டதாகக் கஜீபனிடம் சொன்னேன். யோசித்துச் சொல்வதாக அப்பா சொன்னார் என்றும் சொன்னேன். ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது.

கட்டிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

சின்ன அறையின் திரைச்சீலையைத் தோய்த்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பிணை விசாரணை பெப்ரவரி ஆறாம் திகதி. அப்பா கையெழுத்து வைத்த கடிதமும் வீட்டுப் பத்திரத்தின் பிரதியும் மூன்றாம் திகதிக்குள் வேண்டும் என்று ஃபரீதா படிவம் அனுப்பியிருக்கிறார். படிவம் என் கைப்பையில் இருக்கிறது.

கஜீபன் நிறையப் பேசினான். கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பேசிய காலத்திலும் இவ்வளவு பேசியதில்லை. அப்போதெல்லாம் நான் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்துவிட்டு, "இது சரிவராது, விடுங்கோ" என்று திருப்பித் தருவான். அப்படித்தான் பழக்கம் தொடங்கியது.

இன்று சொன்னான்: "அப்பாவுக்குச் சொல்லுங்கோ, நான் சத்தம் போடாத ஆள். படியிலை செருப்போடை ஏறமாட்டன். குசினிக்கை நிக்கமாட்டன். விடிய வெளிக்கிட்டா இருட்டத்தான் வருவன். வீட்டிலை ஒரு ஆள் இருக்கிறதே தெரியாது."

"சொல்றன்."

"வாடகையும்..."

"அதை விடுங்கோ."

வாடகை என்ற சொல் வந்ததும்தான் அவன் அந்த அறைக்குள் ஏற்கெனவே குடிவந்துவிட்டான் என்று விளங்கியது. கட்டில் எந்தப் பக்கம் என்றுகூட நினைத்து வைத்திருப்பான். யன்னலோரம் அரிசி மூட்டை இருந்தது. இப்போது இல்லை.

கட்டிவிட்டேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்று கேட்பது என்று முடிவெடுத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு. அப்பா ஞாயிறு மத்தியானம் இறைச்சிக்கறி சாப்பிட்டால் எதற்கும் தலையாட்டுவார்.

அம்மா கறியை வைத்துக்கொண்டே சொன்னார்: "தவராசா அண்ணையின்ரை மகள் ஒரு பெடியனை விரும்பியிருக்கிறாளாம்." தவராசா மாமா அப்பாவோடு வேலை செய்பவர். தினமும் விடிய வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. பெடியன் எவடம்?"

"நல்ல வேலையாம். பாங்கிலை."

"வேலையைக் கேக்கேல்லை. எவடம்?"

அப்பா கோபமாகக் கேட்கவில்லை. வெளியில் மழையா என்று கேட்பது போலத்தான் கேட்டார். எங்களுக்குள் ஊர்ப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. கஜீபனுடைய ஊர் முல்லைத்தீவுக் கடற்கரையில் பத்து வீடு. அவனுடைய தகப்பன் கரைவலை இழுத்தவர்.

"இன்னும் கொஞ்சம் போடவோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"காணும்."

மேலே போய் ஒரு கிழமைக்கான உடுப்பு எல்லாவற்றையும் இஸ்திரி போட்டேன். அப்பாவின் வேலைச் சட்டைகளையும்.

பெப்ரவரி 3, திங்கள்

ஃபரீதா மூன்று முறை தொலைபேசியில் எடுத்தார். மூன்றாவது முறை மருத்துவமனையின் பின்கதவுக்கு வெளியே நின்று பேசினேன். அப்பா சம்மதிக்கவில்லை என்றேன். "பரவாயில்லை, நிறையக் குடும்பங்கள் அப்படித்தான்" என்றார். அவருடைய குரலில் ஆச்சரியமே இல்லை.

பெப்ரவரி 6, வியாழன்

பிணை கிடைக்கவில்லை. முகவரி இல்லை.

வண்டிக்குக் கண்ணாடி கழுவும் தண்ணீர் விட்டேன். சக்கரத்துக்குக் காற்று அடித்தேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்தேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

மத்தியான இடைவேளையில் அவன் எடுத்தான்.

"அப்பாவோடை கோவிக்காதீங்கோ."

பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனேன்.

"வளந்த பிள்ளை இருக்கிற வீட்டிலை முன்னைப் பின்னைத் தெரியாத பெடியனை விடுவினமோ? நானெண்டாலும் விடமாட்டன். அவர் யோசிச்சதே பெரிய விசயம். என்ன, கேக்குதோ?"

"கேக்குது."

"அவரோடை முகம் கொடுத்துக் கதையுங்கோ. என்னாலை வீட்டுக்கை ஒரு பிரச்சினை வேண்டாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். இடைவேளை முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

அடுத்த செவ்வாய்க்கு அவனுக்கு விமானச் சீட்டுப் போட்டாயிற்று. பதினெட்டாம் திகதி, பகல். அவனுடைய பெயரில் யாரோ சீட்டு வாங்கியிருப்பதை ஒரு பரிசு போலப் பகிடியாகச் சொன்னான். "வரேக்கை பதினொரு லட்சம் குடுத்து வந்தனான். போறது சும்மா."

வழக்கறிஞர் கடைசியாக ஒன்று எழுதிப் போட்டிருக்கிறாராம். அதை நம்பவேண்டாம் என்றும் அவரே சொன்னாராம்.

"இறங்கினவுடனை என்ன செய்வினம்?" என்று கேட்டேன்.

"தனியாக் கூட்டிக்கொண்டு போய் விசாரிப்பினம். சிலரை அண்டைக்கே விடுறவை." கைநீளம் காணாத சட்டையின் விளிம்பை இழுத்தான். "அண்ணாவையும் விசாரிக்கத்தான் கூட்டிக்கொண்டு போனவை. ரெண்டாயிரத்து ஒன்பதிலை. அம்மா அண்டைக்கு அவனுக்கும் சேத்துத்தான் சோறு போட்டவ."

அவனிடம் உடுப்பு வைக்க ஒரு பை கூட இல்லை. எல்லாம் கடையின் மேல்மாடியில் கிடந்து முதலாளி எறிந்துவிட்டார். ஒரு பெட்டி கொண்டுவருவதாகச் சொன்னேன்.

பதிவுத் தாளில் உறவு என்ற இடத்தை இன்று வெறுமையாக விட்டேன். அதிகாரி கவனிக்கவில்லை.

கட்டிவிட்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

அப்பாவின் நீலப் பெட்டியை எடுத்தேன். சின்ன அறையில் அது அடியில் இருந்தது. மேலே இருந்த இரண்டையும் ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கி, திரும்ப ஏற்றிவைத்தேன். இரண்டு கால்சட்டை, நான்கு சட்டை, சாரம், சவர்க்காரம், தலைவலி மாத்திரை. அவனுடைய அம்மாவுக்கு ஒரு நூல் சேலை. நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தையும் வைத்தேன். கடைசிப் பக்கம் சரியில்லைதான்.

மூடியில் வெள்ளைப் பெயின்றில் எங்கள் விலாசம். சுரண்டிப் பார்த்தேன். அப்பா நல்ல பெயின்ற் பாவித்திருக்கிறார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இன்று பார்க்க விடவில்லை. கொண்டுபோகிற நாளில் விடமாட்டார்களாம். பெட்டியை வாசலில் வாங்கினார்கள்.

"இது யாருடைய முகவரி?" என்று அதிகாரி கேட்டார்.

"என் தந்தையுடையது."

"இவர் அங்கே வசித்தவரா?"

"இல்லை."

அதற்கு மேல் அவனுடைய பெயர் அச்சடித்த தாளை ஒட்டினார். தாள் சிறியது. வீட்டு எண்ணும் தெருவும் வெளியில் தெரிந்தன. நான் கொடுக்காத விலாசம் அவனோடு போயிற்று.

ஓடுபாதை முடிகிற இடத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையின் வண்டித் தரிப்பிடத்தில் நின்றேன். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று ஏறுகிறது. எந்தப் பறப்பு என்று தெரியும், எந்த நேரம் என்றும் தெரியும். ஆனாலும் கீழே நின்று பார்க்கும்போது எல்லாவற்றின் வயிறும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நேரம் கடந்த பிறகும் பதினேழு விமானங்களைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு விமானங்களின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வரும்போது அம்மா கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னார். வாங்கினேன். இரவுக்கு இடியப்பமும் சொதியும். அப்பா விமானங்கள் இன்று தாழப் பறக்கின்றன என்றார்.

பெப்ரவரி 19, புதன்

காலை 7.40க்கு ஒரு செய்தி: "இறங்கிட்டன். விசாரிக்கினம். பயப்படாதீங்கோ."

உடனே பதில் போட்டேன். ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. அனுப்பிவிட்டது, போய்ச் சேரவில்லை.

பெப்ரவரி 22, சனி

ஒற்றைச் சரி.

நாள் முழுக்க எதையோ மறந்தது போல இருந்தது. அடுப்பு, கதவு, மருத்துவமனைத் திறப்பு எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

நூலகத்துக்குப் போனேன். ஐந்து மணித்தியாலம் ஒரே பக்கம்.

கடை முதலாளியிடம் கஜீபனுடைய அம்மாவின் எண் இருக்கிறதா என்று கேட்டேன். எந்தக் கஜீபன் என்று கேட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பா வேலையால் வந்து, கதவடியில் கிடந்த கடிதங்களை வழமைபோல என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன். தண்ணீர்க் கட்டணம், தங்கையின் பாடசாலை, அப்பாவின் இருதயப் பரிசோதனை. ஒன்றையும் மாற்றிச் சொன்னதில்லை.

உறையைக் கிழித்ததும் விளங்கியது. பதினெட்டாம் திகதி. எல்லாச் செவ்வாயும் கட்டினேன். அந்தச் செவ்வாய் கட்டவில்லை.

"என்னவாம்?"

"விளம்பரம், அப்பா."

"விளம்பரத்திலை என்ரை கார் நிக்குது."

கடிதத்தை என் கையிலிருந்து எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. இலக்கங்கள் எல்லோருக்கும் பொது.

"பதினெட்டு. செவ்வாய்க்கிழமை. நீ வேலைக்குப் போனனீ." வண்டியின் படத்தை விரலால் தொட்டார். "உன்ரை வேலை மேற்காலை. இது கிழக்காலை. பிள்ளை, நான் ஒண்டரை வருசமா இந்தப் பலகையைத் தாண்டேல்லை."

சொன்னேன். சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றார். ஏழு வாரத்தைச் சொல்ல ஏழு நிமிடம்கூட எடுக்கவில்லை. தடுப்பு நிலையம், பிணை, விலாசம், நீலப் பெட்டி.

அப்பா கதிரையில் இருந்தார். சப்பாத்துக் கழற்றவில்லை.

"பெடியன் எவடம்?"

ஊரைச் சொன்னேன். அப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அல்லது மாறியதை நான் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன முறை?"

"பதிவிலை நண்பர் எண்டு எழுதினனான்."

"பதிவிலை எழுதினதைக் கேக்கேல்லை."

அதற்கும் சொன்னேன். அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

"என்னைக் கேட்டதெண்டு அவனுக்குச் சொன்னனீயோ?"

"ஓம்."

"நான் மாட்டன் எண்டதெண்டும்?"

"ஓம், அப்பா."

"அப்பிடி நினைச்சுக்கொண்டே போனவன்?"

அம்மா "விடுங்கோப்பா" என்றார். அப்பா கையை உயர்த்தினார், அடிக்க அல்ல.

"நான் வந்திறங்கேக்கை ஒரு மனிசன் தன்ரை விலாசத்தைத் தந்தவர். அவரும் முதல் எவடமெண்டுதான் கேட்டவர். கேட்டுப்போட்டுத் தந்தவர்." கடிதத்தை நான்காக மடித்தார், திரும்ப விரித்தார். "நீ கேட்டிருந்தா நான் ஓமெண்டிருப்பனோ எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இனி அது ஒருநாளும் தெரியவராது. கேட்டாவது பாத்திருக்கலாம், பிள்ளை."

மார்ச் 5, புதன்

அப்பா கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். நூற்று எண்பது பவுண். பதினான்கு நாளைக்குள் என்றால் பாதி.

"ஆர் ஓடினதெண்டு கேக்கினமோ?"

"இல்லை. கார் ஆற்றை பேரிலையோ, அவைதான் பொறுப்பு."

"ஆர் ஓடினாலும்?"

"ஓம்."

"மறுத்து எழுதேலாதோ?"

"உங்கடை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டு போனதெண்டால் எழுதலாம்."

"என்ரை பிள்ளை என்ரை காரைக் களவெடுத்ததெண்டு."

"அப்பிடித்தான்."

"கட்டு," என்றார். "என்ரை பேர்தானே."

கட்டினேன். ரசீது இலக்கம் ஒரு நொடியில் வந்தது. அப்பா அதையும் பார்த்தார். பிறகு கஜீபனுடைய எண்ணைக் கேட்டார். தன்னுடைய தொலைபேசியில், ஒற்றை விரலால், அரை மணித்தியாலம் தட்டினார். உதவி வேண்டாம் என்றார். அனுப்புமுன் எனக்குக் காட்டினார், எழுத்துப் பிழை பார்க்க.

"தம்பி கஜீபன், நான் மயூரதியின் தகப்பன் நல்லைநாதன். உமக்கு விலாசம் தரும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை. இதை நீர் அறியவேண்டும்."

பிழை ஒன்றும் இல்லை. அனுப்பினார். ஒற்றைச் சரி.

மார்ச் 11, செவ்வாய்

இருபது நாள். ஃபரீதா ஏதோ ஒரு அமைப்புக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார்களாம். பட்டியலில் அவனுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

தவராசா மாமாவின் மகளுக்கு ஏப்ரலில் கல்யாண எழுத்து. அம்மா சேலை பார்க்கக் கூப்பிட்டார். போனேன். பச்சை நல்லது என்றேன்.

அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார். இந்தக் கிழமை முழுக்க இதைத்தான் முதலில் கேட்கிறார்.

"ரெண்டாவது சரி விழுந்ததோ?"

"இல்லை, அப்பா. உங்களுக்கு?"

"இல்லை."

துணி மடித்து வைக்க மேலே போனேன். சின்ன அறையின் சுவிட்சைப் பழக்கத்தில் தட்டினேன். எரிந்தது. புதுப் பல்பு. யன்னலோரம் வெறுமையாக இருந்த இடமெல்லாம் வடிவாகத் தெரிந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று அப்பாவைக் கேட்கவில்லை. அணைத்துவிட்டு வந்தேன்.